எல்.கே.ஜி. முதல் வாரச் சாமான்கள்: உப்புக்காற்றுக்கு எது தாங்கும்?

ஜூனில் பள்ளி திறக்கும் நேரம் ராமநாதபுரம் கடலோரத்தில் மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கமெல்லாம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று. மதுரைக் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கிய வகுப்பறைச் சாமான் இங்கே ஒரு மாதத்தில் பல்லிளிக்கும். முதல் நாட்களில் எழுத்தைவிட அழுகை அடங்குவதுதான் பெரிய வேலை. ஆகவே கைக்கு வேலை தருகிற பொருளுக்குத்தான் முதல் காசு.

அதில் முதலிடம் பிசையும் மாவுக்கு. பிள்ளை உள்ளே வந்ததும் எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிய உருண்டை மேசையில் இருக்க வேண்டும். இதில் சரி, தப்பு கிடையாது. கை அழுத்த அழுத்தத் தேம்பல் குறையும். டப்பாவில் விற்கும் வண்ண மாவில் பெரும்பாலும் உப்பு இருக்கும். காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். அதனால்தான் காலையில் பிசுபிசுக்கும் அதே மாவு, மூடாமல் வைத்தால் காற்றின் ஈரம் குறையும் நண்பகலில் பொருக்குத் தட்டுகிறது.

வீட்டு மாவு மலிவு, கெட்டால் புதிதாகக் கிண்டலாம். மைதா 2 டம்ளர், உப்பு அரை டம்ளர், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, ஒரு மூடி எலுமிச்சைச் சாறு. கொதிநீரை ஒரு டம்ளரில் தொடங்கி, பதம் பார்த்துக் கூட்டலாம். ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் போதும். ஒட்டினால் ஒரு சிட்டிகை மைதா சேருங்கள். உப்பைக் கூட்டினால் இன்னும் கசியும். வாயில் போடும் பிள்ளை பக்கத்தில் ஆள் இருக்கட்டும், உப்பு அதிகம் உள்ளே போகக் கூடாது.

குச்சி குச்சியாக வரும் மெழுகுக் களிமண் குளிரூரில் கல்லாக இருக்கும். நம்ம ஊர் வெக்கையில் பிஞ்சு விரலுக்கே இளகும். சீருடையில் ஒட்டினால் மட்டும் லேசில் போகாது.

காந்த எழுத்துப் பலகை வேண்டாம். தகரத்தின் வெட்டு விளிம்பில்தான் துரு முதலில் பிடிக்கும், விரல் போவதும் அங்கேதான்.

பனை ஓலைக் கிலுகிலுப்பைக்கு முழு மதிப்பெண். வட்டமாக உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கைதட்டு, நின்றால் உறைந்து நில் என்று ஆடினால் புதுமுகங்கள் பத்து நிமிடம் அழ மறக்கும். சாயமில்லாத ஓலையாகக் கேட்டு வாங்குங்கள். எச்சில் பட்டால் சாயம் இறங்கும். ஓலை காய்ந்து வாய் பிளந்தால் உள்ளிருக்கும் கல் வெளியே வரும், வாரம் ஒரு முறை அமுக்கிப் பாருங்கள்.

பிரித்து அடுக்கச் சோழி அழகுதான், தொண்டைக்கும் அதே அளவு. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குக் கீழே ஆகாது என்பது பொம்மைகளுக்கான விதி. எல்லாவற்றையும் வாயில் வைக்கும் எல்.கே.ஜி. முதல் வாரத்துக்கும் அதையே பிடித்துக்கொள்ளலாம். நார் உரசிக் கழுவிய பனங்கொட்டை காசில்லாமல் கிடைக்கும், விழுங்கவும் முடியாது.

பெயரட்டையில் பெயர் மட்டும் இருந்து பயனில்லை. நண்டு, வத்தை (சிறு படகு), பனை என ஆளுக்கொரு படம் போட்டு, அதே படத்தைப் பை மாட்டும் கொக்கிக்கு மேலும் ஒட்டுங்கள். லேமினேஷன் கடையில் தாளின் ஓரத்தோடு வெட்டிவிடுவார்கள். சுற்றிலும் அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக் விடச் சொல்லுங்கள். கயிற்றுக்கான துளைக்கு மேல்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் அகலம் வேண்டும். துளை தாளில் விழுந்தால் ஈரம் அந்த வழியாக ஏறி, நண்டு ஊறிப்போகும்.