டர்பனில் முதல் வாரம்: வார்விக் அதிகாலைச் சந்தை

குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க ஜனவரி கடைசியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வந்து இறங்கிய நான், முதல் நான்கு நாட்களை ரொட்டியும் வாழைப்பழமும் தின்றே கழித்தேன். திருநெல்வேலியிலிருந்து பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவந்த மின்குக்கரின் பிளக் இங்குள்ள சுவர்த் துளைகளில் நுழையவில்லை. நம் வீடுகளில் ஏசிக்கும் கீசருக்கும் வைக்கிற பருமனான மூன்று முள் பிளக்தான் இங்கே எல்லாவற்றுக்கும். அதற்கு அடாப்டர் கிடைத்த பிறகும் அதில் போட ஒன்றும் கிடைக்கவில்லை. அறைக்குப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது, கறிவேப்பிலையோ கண்ணில் படவே இல்லை. அம்மா அங்கே காலை எட்டரைக்கு அழைத்தால் இங்கே மணி ஐந்துதான், தூக்கக் கலக்கத்தில் எடுத்து, "சாப்பிட்டாயா?" என்ற கேள்விக்குத் தினமும் பொய் சொன்னேன். என்னைப் போல வந்து சேருகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், ஐந்தாம் நாள் எனக்குச் சோறும் குழம்பும் கிடைக்கச் செய்த அதிகாலைச் சந்தையைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

என்னை அங்கே அழைத்துப் போனவர் எங்கள் துறையில் ஆராய்ச்சி செய்யும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர். நாங்கள் அவரை அண்ணா என்றுதான் அழைப்போம். எங்கள் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகம் இருக்கும் மேட்டிலிருந்து விடிந்ததும் மினிபஸ் டாக்சியில் ஏறினோம். பின் வரிசையில் இருப்பவர் காசை முன்னால் இருப்பவரிடம் கொடுக்க, அது கைமாறிக் கைமாறி ஓட்டுநரிடம் போய், மீதிச் சில்லறையும் அதே வழியில் பிசகாமல் திரும்பி வருவதை அன்றுதான் பார்த்தேன். வார்விக் சந்திப்பில் இறங்கியபோது சற்றுப் பயந்தது உண்மை. ரயில் நிலையமும் பேருந்து நிறுத்தங்களும் டாக்சி நிலையங்களும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும் அந்த இடத்தை நாளொன்றுக்கு நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் கடந்து போகிறார்கள். மேம்பாலத்தின் மேல் இந்த மண்ணின் சூலு இன வைத்தியர்களின் வேர்களும் மரப்பட்டைகளும், தெருவோரத்தில் பெரிய டிரம்களில் வேகும் மக்காச்சோளக் கதிர்களும், தள்ளுவண்டிக்காரர்களின் சத்தமுமாக இருக்கும் அந்த நெரிசலைத் தாண்டித்தான் சந்தைக்குள் போக முடியும்.

இந்தச் சந்தையின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் இங்கே ஏன் முருங்கைக்காய் கிடைக்கிறது என்பது விளங்கும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல், நட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகளை இந்தத் துறைமுகத்தில் இறக்கியது. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபின் ஊர் திரும்பாமல் தங்கியவர்களில் பலர், நகரைச் சுற்றி நிலம் பிடித்துக் காய்கறி பயிரிட்டு, விளைந்ததைத் தாங்களே சுமந்து வந்து விற்றார்கள். 1910-இலிருந்து நடந்துவரும் இந்தச் சந்தை அந்த உழைப்பில் எழுந்தது. உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முந்தைய ஆண்டான 2009-இல், இதை எடுத்துவிட்டு வணிக வளாகம் கட்டும் திட்டம் வந்தபோது வியாபாரிகள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், சந்தை நிலைத்துவிட்டது. அது போயிருந்தால் எங்கள் சமையல் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

உள்ளே எடை போட்டு விற்பதைவிடக் கூறு கட்டி விற்பதே அதிகம். தக்காளியும் பச்சை மிளகாயும் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணங்களில் குவிந்திருக்கும். ஒரு கிண்ணத்துக்கு ஒரு விலை. நான் வழக்கமாக வாங்குவது ஓரத்துக் கடையில் இருக்கும் வயதான பெண்மணியிடம். இங்கே பெரியவர்கள் எல்லோரையும் ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் அழைக்க வேண்டும். முதல் நாள் அவரிடம் சாம்பார்ப் பொடி அரைக்க நினைத்துத் தனியா வேண்டும் என்று கேட்டேன். ஈரம் சொட்டும் கொத்தமல்லித் தழை ஒரு கட்டு வந்தது. டர்பனில் தனியா என்றால் தழைதான், விதை அல்ல. கீரைகள் அனைத்துக்கும் இங்கே ஹெர்ப்ஸ் என்று பெயர். அவருடைய பாட்டி தமிழிலேயே பேசுவாராம். தனக்குத் தங்கியிருப்பவை சில உறவுப் பெயர்களும் காய்ப் பெயர்களும் மட்டுமே என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆனால் முருங்கைக்காயைக் கையில் எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து மெல்ல முறுக்கி, முற்றலா இளசா என்று பார்த்தபோது அந்த விரல்களில் என் அப்பத்தாவைப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவருக்கு அடுத்த கடை ஒரு சூலுப் பெண்மணியுடையது. அங்கே மண் உதிராமல் குவிந்திருந்த அமடும்பே, நம் சேப்பங்கிழங்கேதான். சூலு மக்கள் அதை உப்புப் போட்டு அவித்தே உண்கிறார்கள். நாங்கள் அவித்துத் தோலுரித்து, மிளகாய்த் தூளும் மஞ்சளும் பிரட்டி இரும்புச் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்தோம். ஊரில் தின்றதைவிட மாவுப் பிடிப்பு கூடுதலாகவும் வழுவழுப்புக் குறைவாகவும் இருந்தது என்பது என் கணிப்பு. தைப்பூசக் காவடி நெருங்கிய வாரம் அது என்பதால் எலுமிச்சையும் தேங்காயும் சாமந்தியும் கடைக்குக் கடை இருந்தன.

குறைகளையும் சொல்ல வேண்டும். வேறொரு கடையில் நான் வாங்கிய தக்காளிக் கிண்ணத்தில் மேலே இருந்தவை பளபளப்பாகவும் அடியில் இருந்தவை கசிந்தும் இருந்தன. கிண்ணத்தைப் பையில் கவிழ்க்கும் முன் அடியைப் பார்த்துக்கொள்வது நல்லது; நல்ல கடைக்காரர் அதற்குக் கோபிப்பதில்லை. ரொக்கமாக, அதுவும் சில்லறையாகக் கொண்டுபோக வேண்டும். மழை நாளில் தரை சேறாகி வழுக்கும். சந்தைக்கு வெளியே நெரிசலில் கைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டு நடக்கக் கூடாது, பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டும், முதல் சில முறைகள் தனியாகப் போகக் கூடாது. பத்து மணிக்கு மேல் போனால் வதங்கிய கீரைதான் மிஞ்சும். பொடி வகைகளுக்கு நடக்கும் தூரத்திலேயே விக்டோரியா தெருச் சந்தை உண்டு. அங்கே கோபுரமாகக் குவித்திருக்கும் சிவந்த மசாலாக்களைச் சிறு பொட்டலமாக வாங்கிக் காரம் பார்த்துவிட்டு அளவைக் கூட்டலாம், ஏனென்றால் டர்பன் காரம் நெல்லைக்காரனுக்கே அதிகம்.

அன்று காசு கொடுத்துவிட்டுத் திரும்பியபோது ஆன்ட்டி என்னை நிறுத்தி, ஒரு கொத்துக் கறிவேப்பிலையை என் பையில் செருகி, "பொன்செல்லா" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். சிரித்தார். அண்ணாதான் விளக்கினார்: சூலு மொழியிலிருந்து வந்த சொல் அது, இங்கே எல்லோரும் சொல்வது, நம் ஊர்க் கொசுறுதான் என்று. அறைக்கு வந்து ரசம் தாளித்து, அந்த இலையை உருவிப் போட்டு, அது படபடக்கும் சத்தம் கேட்கும்படி அம்மாவை நானே அழைத்தேன்.