சில்லறை வேலையை யாரிடம் விடுவது: மென்பொருளா, ஆளா, அல்லது வேலையையே விட்டுவிடுவதா?

கோவை பீளமேட்டில் 8 பேரோடு ஒரு சிறு கம்பெனி நடத்துகிறேன். பம்ப், மோட்டார்களில் பொருத்தினால் பழுது வரும் முன்பே எச்சரிக்கிற சென்சார் கருவி செய்கிறோம். சென்ற ஆண்டு ஒரு வாரம் முழுக்க, நான் செய்த வேலைகளை அரைமணிக் கணக்கில் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். சனிக்கிழமை கூட்டிப் பார்த்தேன். வாடிக்கையாளர்களோடு பேசியதும் கருவியைச் சீராக்கியதும் சேர்ந்து 11 மணி நேரம். பில் போட்டது, ஜிஎஸ்டிக்குக் கணக்கு சரிபார்த்தது, வரவேண்டிய பணத்துக்குப் போன் அடித்தது, கூரியர் எங்கே நிற்கிறது என்று தேடியது, ஒரு விருதுக்கு விண்ணப்பம் நிரப்பியது எல்லாம் சேர்ந்து 39. உடம்பில் களைப்பு இருந்தது. கம்பெனி இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்தச் சில்லறை வேலைகளைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு. மென்பொருளிடம் விடலாம், ஆளிடம் விடலாம், வேலையையே விட்டுவிடலாம். மூன்றையும் செய்து பார்த்தேன், ஆனால் தப்பான வரிசையில். மென்பொருளில் தொடங்கினேன். இன்று யாராவது கேட்டால் அதைக் கடைசியில் வையுங்கள் என்பேன்.

மென்பொருள்

பார்த்தால் இதுதான் மலிவு. மாதக் கட்டணம் ஓர் ஆளின் சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட வராது. விதி மாறாத வேலைகளில் நன்றாகவே உழைக்கும். சோஹோ புக்ஸோ டேலி பிரைமோ, பில்லை ஒழுங்காகப் போட்டுவிட்டால் அதே கணக்கு ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கும் போய்விடும். விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய கம்பெனிகள் மற்ற வணிகர்களுக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ், அதாவது அரசுத் தளத்தில் பதிவான பில், கட்டாயம். அங்கே மென்பொருள் இல்லாமல் காலம் தள்ள முடியாது. பிடித்த வரியான டிடிஎஸ் கட்ட 7ஆம் தேதி, ஜிஎஸ்டியில் விற்பனைக் கணக்கு காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 11ஆம் தேதி, வரி கட்டும் ரிட்டர்னான 3பி 20ஆம் தேதி என்று மாதாமாதம் வரிசையாக வரும் கெடுக்களையும் அது மறக்காது.

சிக்கல், மனிதர்கள் சம்பந்தப்பட்ட வேலையை அதனிடம் கொடுக்கும்போது வருகிறது. பாக்கி வைத்திருக்கும் எல்லோருக்கும் வாரம் ஒரு நினைவூட்டல் போகும்படி அமைத்தேன். கருவி பழுதாகி மாற்றுக் கருவிக்காகக் காத்திருந்த ஒரு வாடிக்கையாளருக்கும் மூன்று வாரம் அது போயிருக்கிறது. "கருவி ஓடலை, காசு மட்டும் கேக்கறீங்களா?" என்று போன் வந்தது. குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். மிச்சம் பிடித்ததாக நினைத்த நேரமெல்லாம் அந்த ஒரு நாளில் போனது.

இன்னொன்றும் உண்டு. ஒரு மென்பொருளை இன்னொன்றோடு இணைப்பதே பெரிய சில்லறை வேலை. நான் மூன்று ஞாயிறுகளைச் செலவழித்தேன். ஏதோ முக்கியமான காரியம் செய்வது போலவே இருக்கும். அதனால்தான் அது ஆபத்து.

ஆள்

பணம் இதில்தான் அதிகம். சம்பளத்தோடு, முதல் இரண்டு மாதம் உங்கள் நேரமும் போகும். அப்படியும் பத்துப் பேருக்குக் குறைவான கம்பெனிக்கு மென்பொருளைவிட ஆள்தான் சரி என்பது என் முடிவு.

எங்களிடம் வந்த அக்கா ஒரு மில்லில் 15 வருடம் கணக்குப் பார்த்தவர். குழந்தைகளுக்காக இடையில் வேலையை விட்டிருந்தார். எந்தக் கம்பெனியில் எந்தக் கிழமை பில் பாஸ் ஆகும், எந்த முதலாளியிடம் மாதக் கடைசியில் கேட்கக் கூடாது என்பதெல்லாம் ஆறே வாரத்தில் அவருக்கு அத்துப்படி. "ஏனுங்கண்ணா, அந்த பில்லு பாஸ் ஆயிருச்சுங்களா?" என்று ஒரே ஒரு போன்தான். நான் அனுப்பிய பத்து மெயிலுக்கு வராத பணம் அதற்கு வரும். யாரிடம் கேட்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். குறிச்சிக்காரருக்கு அவராக இருந்தால் மெயில் அனுப்பியிருக்கவே மாட்டார்.

முதல் மாதம் ஒரு தப்புச் செய்தேன். வேலையைக் கொடுத்தேன், முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. கூரியர் மாற்றலாமா, இந்தப் பில்லைக் கட்டலாமா என்று நாளைக்கு இருபது கேள்வி என்னிடமே திரும்பி வந்தது. அப்புறம் 5,000 ரூபாய் வரை கேட்காமலே செய்யலாம் என்று சொன்னேன். கேள்விகள் இரண்டு மூன்றாகக் குறைந்தன.

ரிட்டர்ன் ஃபைலிங்கை மட்டும் வெளி ஆடிட்டரிடம் விடுவது நல்லது. 3பி தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய். கம்பெனிப் பதிவாளருக்குப் போகும் ஆண்டுப் படிவங்கள் தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளுக்கு 100. இதை நாமே கற்றுக்கொண்டு செய்வதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் வங்கி ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வர வேண்டும்.

வேலையையே விடுவது

செலவே இல்லாத வழி, மனசுக்குத்தான் கஷ்டம். விருது விண்ணப்பங்களை நிறுத்தினேன். யாரும் படிக்காத தினசரி அறிக்கையை நிறுத்தினேன். திங்கட்கிழமைக் கூட்டத்தை நிறுத்தினேன். 2023 ஜனவரியில் கனடாவின் ஷாப்பிஃபை, இரண்டு பேருக்கு மேல் கூடும் வாடிக்கைக் கூட்டங்களையெல்லாம் காலண்டரிலிருந்து நீக்கி, புதன்கிழமை கூட்டமே கிடையாது என்று அறிவித்தது. அவ்வளவு பெரிய கம்பெனியே செய்யும்போது, ஒரே அறையில் உட்காரும் 8 பேருக்கு என்ன கூட்டம்?

சட்டமே சில வேலைகளை விட்டுவிட அனுமதிக்கிறது. சிறு கம்பெனி என்ற வரையறைக்குள் வந்தால் ஆண்டுக்கு 4 போர்டு மீட்டிங் தேவையில்லை, இடையில் குறைந்தது 90 நாள் விட்டு, அரையாண்டுக்கு ஒன்றாக 2 போதும். ஜிஎஸ்டியில் 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் க்யூஆர்எம்பி திட்டத்தில் காலாண்டுக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடலாம். வருடத்துக்கு 24 ரிட்டர்ன் 8 ஆகும், வரியை மட்டும் மாதாமாதம் கட்ட வேண்டும். ஆனால் இதில் கவனம் தேவை. வாங்குபவர் கம்பெனியாக இருந்தால், நம் பில் அவருடைய 2பியில் (வாங்கிய பில்களை ஜிஎஸ்டி தளமே காட்டும் பட்டியல்) தெரிந்தால்தான் அவருக்கு வரிக் கழிவு கிடைக்கும். காலாண்டு வரை காத்திருக்கச் சொன்னால் கோபப்படுவார். அதற்காக இடைப்பட்ட மாதங்களில் ஐஎஃப்எஃப் என்ற வசதி வழியாகப் பில்களை ஏற்ற வேண்டிவரும், மிச்சமாகும் நேரத்தில் பெரும்பங்கு கரைந்துவிடும். நேரடியாக மக்களுக்கு விற்பவர் தயங்காமல் மாறலாம். எங்களைப் போல ஆலைகளுக்கு விற்பவர் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு மாறுங்கள்.

எனக்கு அதிகம் உதவியது வேறொன்று. பில்லின் தலையில் உத்யம் எண்ணை, அதாவது சிறு நிறுவனம் என்று அரசு தரும் பதிவு எண்ணை, போட்டேன். குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2024 ஏப்ரலில் அமலான வருமான வரித் திருத்தத்துக்குப் பிறகு, கெடு தாண்டினால் உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்குபவர் அதைச் செலவாகக் காட்ட முடியும். அவர்களுடைய ஆடிட்டரே அவர்களை நச்சரிக்கிறார். மார்ச்சில் நாங்கள் அடிக்கும் போன்கள் பாதியாகிவிட்டன. போன் அடிப்பதை வேகமாக்க நான் எத்தனையோ செய்து பார்த்தேன். போன் அடிக்கத் தேவையே இல்லாமல் செய்தது அந்த ஒரு வரி.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் விடுங்கள், மிஞ்சியதை ஆளிடம் கொடுங்கள், அந்த ஆள் ஆறு மாதம் ஒரே மாதிரி செய்யும் வேலையை மட்டும் மென்பொருளிடம் கொடுங்கள். தனி ஆளாக நடத்துபவருக்கு வேலையை விடுவதும் ஓர் ஆடிட்டரும் போதும்.

ஒன்றில் மட்டும் நான் அதிகமாக வெட்டிவிட்டேன். புகார் போனையும் சில்லறை வேலை என்று நினைத்து அக்காவிடம் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார், மாற்றுக் கருவி அனுப்பினார், யாரும் கோபப்படவில்லை. ஆனால் வார்ப்பட ஆலைகளில் எங்கள் கேபிள் இணைப்பு மட்டும் திரும்பத் திரும்ப அரித்துப்போவது நான்கு மாதம் எனக்குத் தெரியாமலே போயிற்று. அது தெரிந்த அன்றே அந்தப் போனை வாங்கிக்கொண்டேன். இப்போது அது என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. நாளைக்கு ஆறேழு முறை அடிக்கிறது, நானே எடுக்கிறேன்.