ஜோட்டேரோவா, மெண்டெலியா? எங்கள் துறையில் எடுத்த முடிவு

போன வருடம் எங்கள் துறையில் ஐந்து பேர் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தார்கள். "சார், துணைநூற்பட்டியலுக்கு எந்த சாஃப்ட்வேர் போடலாம்?" என்று முதல் வாரமே கேட்டுவிட்டார்கள். ஏற்கெனவே இருந்த மாணவர்களில் ஒருவர் மெண்டெலி, ஒருவர் ஜோட்டேரோ (இரண்டுமே நூல், கட்டுரை விவரங்களைச் சேர்த்து வைத்து மேற்கோளும் பட்டியலும் போட்டுத் தரும் மென்பொருள்கள்), ஒருவர் எக்செல், இன்னொருவர் அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. கைடு என்ற முறையில் நான்கையும் திருத்திப் பார்த்து நொந்தவன் நான். இந்த முறை எல்லோருக்கும் ஒன்றே என்று முடிவு செய்து, ஒரு மாதம் இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு ஜோட்டேரோவைப் பிடித்துக்கொண்டோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்தே மேலே படியுங்கள்.

அடிப்படை வேலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டுமே இலவசம். பிரவுசரில் ஒரு பொத்தானை அழுத்தினால் கட்டுரை விவரம் சேர்ந்துவிடும், பிடிஎஃப்பை உள்ளேயே படித்துக் கோடு போடலாம், ஏபிஏ, எம்எல்ஏ என்று எந்த மேற்கோள் நடை கேட்டாலும் பட்டியல் வந்துவிடும். இதே வேலையைச் செய்யும் எண்ட்நோட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்; சோதனைப் பதிப்பில் சில நாள் பார்த்ததற்கு மேல் அதில் எனக்குப் பழக்கமில்லை. உங்கள் பல்கலைக்கழகமே உரிமம் வாங்கித் தந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். லேடெக் என்ற ஆவணம் தயாரிக்கும் மென்பொருளில் எழுதுகிற கணித, இயற்பியல் ஆட்களுக்கும் என்னிடம் யோசனை இல்லை, நான் அந்தப் பக்கமே போனதில்லை.

முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்விதான்: ஐந்து வருடம் சேர்த்த சரக்கை, நாளைக்கு வேறிடம் போக நினைத்தால், முழுசாக எடுத்துக்கொண்டு போக முடியுமா?

முனைவர் பட்டம் என்பது குறைந்தது மூன்று வருடம். நம் ஊர்க் கணக்கில் ஐந்து, ஆறு. இந்தக் காலத்துக்குள் மென்பொருளும் மாறும், அதை நடத்துகிறவர்களின் கொள்கையும் மாறும். மெண்டெலியின் கதையையே பாருங்கள். 2013-ல் அதை எல்செவியர் என்ற ஆய்விதழ்ப் பதிப்பு நிறுவனம் வாங்கியது. 2018-ல், கணினியில் இருக்கும் தரவுக்கோப்பு மற்ற மென்பொருள்கள் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டது. பாதுகாப்புக்காக என்றார்கள். அது காரணமாகவே இருக்கலாம், ஆனால் வெளியே போகும் கதவு கொஞ்சம் ஒடுங்கியது உண்மை. 2021-ல் மொபைல் செயலிகளை நிறுத்தினார்கள். 2022 செப்டம்பரிலிருந்து பழைய டெஸ்க்டாப் பதிப்பைப் புதிதாக இறக்கிக்கொள்ள முடியாமல் போனது. புதிதாக நிறுவுகிறவர்கள் மெண்டெலியின் புதிய பதிப்பான 'ரெஃபரன்ஸ் மேனேஜர்' பக்கம் போக வேண்டியதாயிற்று. கம்பெனி அதன் வியாபாரத்தைப் பார்க்கிறது, அதில் தப்பில்லை. ஆனால் ஆய்வேடு நடுவில் இருக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு மாற்றமும் ஒரு வாரத் தலைவலி.

ஜோட்டேரோ 2006-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில், வரலாற்றுத் துறை சார்ந்த ஒரு மையத்தில் பிறந்தது. திறந்த மூல மென்பொருள். தரவெல்லாம் உங்கள் கணினியில் ஒரே ஃபோல்டரில், பூட்டில்லாத எஸ்க்யூலைட் கோப்பாக (மற்ற மென்பொருள்களும் திறக்கக்கூடிய ஒரு தரவுக்கோப்பு வகை) இருக்கும். அந்த ஃபோல்டரை அப்படியே வேறு கணினிக்கு நகலெடுத்தால் குறிப்பு, கோடு, பிடிஎஃப் எல்லாம் வந்துவிடும். ஆர்ஐஎஸ், பிப்டெக் என்ற பொது வடிவக் கோப்புகளாக ஏற்றுமதி செய்யும் வசதி இரண்டிலும் உண்டு என்பீர்கள். உண்டுதான். ஆனால் அதில் நூல் விவரம்தான் ஒழுங்காகப் போகும். பக்கத்துக்குப் பக்கம் போட்ட மஞ்சள் கோட்டையும் ஓரக்குறிப்பையும் நம்பி அனுப்ப முடியாது. ஆய்வு என்பதே அந்த ஓரக்குறிப்புதானே.

அப்புறம் வேர்டு பிரச்சினை. மெண்டெலியின் இப்போதைய மேற்கோள் கருவி வேர்டு 2016-லும் அதற்குப் பிந்தைய வேர்டு பதிப்புகளிலும்தான் வேலை செய்யும். ஜோட்டேரோ வேர்டு, லிப்ரே ஆபீஸ், கூகுள் டாக்ஸ் மூன்றிலும் ஓடும். எங்கள் ஐந்து பேரில் இருவரிடம் காசு கொடுத்து வாங்கிய வேர்டு இல்லை. லிப்ரே ஆபீஸில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை பேச்சே அங்கே முடிந்துவிட்டது.

தமிழ் நூல்கள் என்று வந்தால் இரண்டுமே திணறும். பழைய எழுத்துருவில் அச்சான பிடிஎஃப்பைப் போட்டால் தலைப்பு குப்பையாக வரும், கட்டுரையை அடையாளம் காட்டும் டிஓஐ எண்ணும் இருக்காது, கையால்தான் அடிக்க வேண்டும். ஆனால் நம் பெயர்களுக்கு ஜோட்டேரோவில் ஒரு வசதி இருக்கிறது. ஆசிரியர் பெயரை முன்பெயர், பின்பெயர் என்று பிரிக்காமல் ஒரே கட்டத்தில் எழுதலாம். 'க. முருகேசன்' என்று அடித்தால் அப்படியே நிற்கும். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி வைக்காது.

குறை சொல்ல வேண்டுமென்றால் இடம்தான். கோப்புகளைத் தங்கள் சர்வரில் ஏற்றி வைக்க மெண்டெலி இலவசமாக 2 ஜிபி தருகிறது, ஜோட்டேரோ தருவது வெறும் 300 எம்பி. ஸ்கேன் செய்த பழைய நூல்கள் நாலைந்து போட்டாலே நிறைந்துவிடும். ஜோட்டேரோவில் 2 ஜிபிக்கு வருடம் 20 டாலர் கேட்கிறார்கள், நம் பிள்ளைகளுக்கு அது சின்னத் தொகை இல்லை. நாங்கள் கோப்பு ஒத்திசைவை (பிடிஎஃப்களைத் தானாகச் சர்வரில் ஏற்றுவதை) மட்டும் அணைத்துவிட்டோம். நூல் விவரமும் குறிப்புகளும் இலவசமாகவே ஒத்திசையும், அதற்கு அளவு கிடையாது. பிடிஎஃப்கள் கணினியிலும், மாதம் ஒருமுறை வெளி ஹார்டுடிஸ்கிலும்.

இங்கே ஒரு தப்பு செய்தோம். "சார், ஃபோல்டரையே கிளவுடில் வைத்தால் தானாக பேக்கப் ஆகிவிடுமே" என்றார் ஒரு மாணவி. நானும் சரி என்றேன். இரண்டு கணினியில் மாறி மாறித் திறந்ததில் தரவுக்கோப்பு கெட்டுப்போனது. இப்படி வைக்காதீர்கள் என்று ஜோட்டேரோவின் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது, நாங்கள்தான் படிக்கவில்லை. மூன்று வாரப் பதிவுகளை அந்தப் பெண் மறுபடி அடித்தாள். ஆகவே தரவு ஃபோல்டரை ஒருபோதும் கிளவுடுக்குள் வைக்காதீர்கள். ஜோட்டேரோவை மூடிவிட்டு நகல் மட்டும் எடுங்கள்.

மெண்டெலியில் இருக்கிறவர்கள் உடனே ஓடிவர வேண்டியதில்லை. ஜோட்டேரோவில் மெண்டெலியிலிருந்து இறக்குமதி செய்யும் வசதி இருக்கிறது. மெண்டெலி சர்வரில் ஏறிய பிடிஎஃப்கள்தான் வரும் என்பதால் முதலில் அங்கே ஒத்திசைத்துவிட்டு மாறுங்கள். எங்கள் மூத்த மாணவர் சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுத்துவிட்டு ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொடுக்கும் நிலையில் இருந்தார். அவரிடம் மட்டும், "வைவா (வாய்மொழித் தேர்வு) முடியும்வரை நீ மெண்டெலியை மாற்றாதே, இருக்கிறபடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.