பத்து காராஸா, பங்கண்டரானா, ஜெப்பாராவா: ஜாவா கரையில் மனை வாங்கியவன் கணக்கு

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் கடலோரமாக மனை பார்க்கிறேன் என்றால் பாதிப் பேர் "ஏன், பாலி என்ன ஆச்சு?" என்பார்கள். பாலி விலை எங்கள் கைக்கு எட்டாது, அவ்வளவுதான், அதை இதோடு விட்டுவிடலாம். மேற்கு ஜாவாவின் பெருநகரமான பாண்டுங் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டவன் நான். மனைவி தாசிக்மலாயாக்காரி, சுண்டாப் பெண். நாங்கள் கடைசிச் சுற்றில் எடுத்துப் பார்த்த இடங்கள் மூன்று: தென் கரையில் பத்து காராஸ் என்ற மீனவக் கிராமம், அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் பங்கண்டரான் டவுன், வட கரையில் ஜெப்பாரா ஊருக்கு வெளியே பண்டெங்கான் கடற்கரை. வாங்கியது பத்து காராஸில். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இப்போதே தெரிந்திருக்கும், அதற்கேற்பக் கழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கடல் அழகு, காற்று, சூரிய அஸ்தமனம் எல்லாம் மூன்று இடத்திலும் உண்டு. தென் கரை இந்தியப் பெருங்கடல், பெரிய அலை, இழுவை அதிகம், பல இடங்களில் குளிக்கவே விடமாட்டார்கள். வட கரை ஜாவாக் கடல், ஆழம் குறைவு, பெரும்பாலும் அமைதி, குழந்தைகளை இறக்கிவிடலாம். பத்து காராஸ் தென் கரைதான் என்றாலும் ஒரு முனை வளைந்து மறைப்பதால் உள்ளே அலை அடங்கி வருகிறது. அதனால்தான் அலைச்சறுக்கு பழக வருகிறவர்கள் இங்கே வருகிறார்கள், ஊர்ப் பையன்கள் பலருக்கு அதில்தான் பிழைப்பு.

பங்கண்டரான் எல்லா வசதியும் உள்ள டவுன். கிழக்குக் கரையில் மீன் கடைகள், மேற்குக் கரையில் வரிசையாக ஹோட்டல்கள், முனையில் பனாஞ்சுங் காடு. சியாமிஸ் மாவட்டத்திலிருந்து 2012-இல் பிரித்துத் தனி மாவட்டமாக்கிய பிறகு சாலை, அலுவலகம் எல்லாம் சீராகியிருக்கின்றன. கடலோரத்தில் நல்ல இடமெல்லாம் ஏற்கனவே ஹோட்டல்காரர்கள் கையில். மிச்சம் இருப்பது உள் தெரு மனைகள், அதற்கும் டவுன் விலை. ஈகைத் திருநாள் விடுமுறை வாரத்தில் பாண்டுங்கே கிளம்பி வந்தது மாதிரி வண்டிகள் நிற்கும், வீட்டிலிருந்து காரை வெளியே எடுக்க முடியாது. ஹோட்டல் நடத்தப் போகிறவர்களுக்கு அது கொண்டாட்டம், குடியிருக்கப் போகிற எங்களுக்கு வேண்டாம். ஆஸ்பத்திரி விஷயத்தில் டவுனுக்கும் பத்து காராஸுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மாவட்டத்துக்கென்று பாண்டேகா அரசு மருத்துவமனை இருக்கிறது, இரண்டு இடத்திலிருந்தும் போகலாம்தான், ஆனால் நெஞ்சுவலி மாதிரி பெரிய விஷயமென்றால் எங்கிருந்தாலும் தாசிக்மலாயாவுக்கோ பாண்டுங்குக்கோதான் ஓட வேண்டும். பாண்டுங் ஐந்தாறு மணி நேரம். வயதானவர்கள் வீட்டில் இருந்தால் இதை முதலில் யோசியுங்கள்.

ஜெப்பாராவுக்கு வருகிறேன். இந்த ஊரைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் சந்தேகத்தோடே எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அங்கே தங்கிப் பார்த்திருக்கிறேனே தவிர குடித்தனம் நடத்தியதில்லை. தேக்கு மரச் சாமான்களுக்கும் மரச் சிற்பத்துக்கும் இந்தோனேசியாவிலேயே பேர்போன ஊர், பெண் கல்விக்குக் குரல்கொடுத்த கார்த்தினி 1879-இல் பிறந்த மாவட்டம். தெருவுக்குத் தெரு பட்டறை, உளிச் சத்தம். மரச் சாமான் வியாபாரத்துக்காக வந்து தங்கிவிட்ட வெளிநாட்டுக்காரர்கள் இருப்பதால் வெளிநாட்டு முகம் அங்கே புதிதில்லை. கரிமுன்ஜாவா தீவுகளுக்கு இங்கிருந்து படகும் உண்டு. செமாராங் பெருநகரம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, பெரிய ஆஸ்பத்திரி, விமான நிலையம் எல்லாம் அங்கே.

ஆனால் அந்தச் சாலை டெமாக் மாவட்டத்துச் சாயுங் வழியாகப் போகிறது. அங்கேதான் எனக்கு மனசு விட்டுப்போனது. கடல் பொங்கி வீட்டுக்குள் வருவதை ஊரில் 'ரோப்' என்கிறார்கள். புயலெல்லாம் வேண்டியதில்லை, சாதாரண ஏற்றத்துக்கே வரும். செமாராங், டெமாக் கரையில் வண்டல் மண் அமுங்கிக்கொண்டிருக்கிறது, நிலத்தடி நீரை உறிஞ்சுவதும் சேர்ந்து தரையே இறங்குகிறது, அலையாத்திக் காட்டை வெட்டி இறால் குட்டை போட்டதில் கரைக்கு இருந்த தடுப்பும் போய்விட்டது. திம்புல்ஸ்லோகோ என்ற கிராமத்தில் வீட்டுக்கு வீடு மரப்பலகை நடைபாதை போட்டுத்தான் போய்வருகிறார்கள். முன்பு வயலாக இருந்த இடம் இப்போது கடல். வசதியுள்ளவர்கள் தரையை மண்கொட்டி உயர்த்துகிறார்கள், கூரை அங்கேயே நிற்கிறது. மறுபடி உயர்த்துகிறார்கள். நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டில் ஜன்னலின் கீழ்க்கட்டை என் கணுக்கால் உயரத்தில் இருந்தது, வாசலில் குனிந்துதான் நுழைந்தேன். நியாயமாகச் சொன்னால் ஜெப்பாரா வேறு, டெமாக் வேறு, பண்டெங்கான் அப்படி மூழ்குகிற இடமில்லை. ஆனாலும் இந்த நாட்டின் 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது: நிலம் அழிந்துபோனால் அதன் மேலுள்ள உரிமையும் முடிந்தது. கடல் தின்ற மனைக்குக் கையில் பத்திரம் இருந்து என்ன செய்ய? வட கரையில் எந்த இடம் பார்த்தாலும் எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வந்தது.

தென் கரைக்கு ஆபத்தில்லையா என்றால், இருக்கிறது, அதுவும் சின்னதில்லை. 2006 ஜூலை 17 அன்று பங்கண்டரான் கரையில் சுனாமி வந்தது, அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். பூகம்பம் 7.7 என்றாலும் தரையில் நடுக்கம் பலமாகத் தெரியவில்லை, அதனால் ஓட வேண்டும் என்று பலருக்குத் தோன்றவே இல்லை. அப்படிப்பட்ட பூகம்பம்தான் மோசமானது. இப்போது தெருமுனைகளில் தப்பிக்கும் வழி காட்டும் பலகைகள் நிற்கின்றன. எங்கள் மனை கரையை விட்டுத் தள்ளி மேட்டில் இருக்கிறது, கடல் தெரியாது, தோப்புதான் தெரியும். கடல் தெரியும் மனைக்கு அப்போது பேசிய விலை இதைப் போல இரண்டு பங்குக்கும் மேல். மேட்டில் இன்னொரு லாபம், கிணற்றுத் தண்ணீர் உவர்க்காது.

சரி, உண்மையில் எங்கள் முடிவைத் தீர்மானித்தது இதெல்லாம் எதுவும் இல்லை. காகிதம்தான். நாளைக்கு விற்க வேண்டும் என்றால் யார் வாங்குவார், எந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குவார் என்ற கேள்வி. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கடலோரக் கிராமத்து மனையில் பணம் போவதும் வருவதும் இங்கேதான்.

இந்தோனேசியாவில் முழு உரிமைக்குப் பெயர் 'ஹக் மிலிக்'. அது குடிமக்களுக்கு மட்டும். வெளிநாட்டவருக்கு 'ஹக் பக்காய்' என்ற பயன்பாட்டு உரிமை உண்டு, முதலில் 30 ஆண்டு, நீட்டித்தால் 20, புதுப்பித்தால் இன்னொரு 30. ஆனால் விசா, தங்கும் அனுமதி மாதிரி குடிவரவு ஆவணம் வேண்டும், மாகாணத்துக்கு மாகாணம் குறைந்தபட்ச விலை வரம்பு வேறு இருக்கிறது, கிராமத்து ஓட்டு வீட்டின் விலை அந்த வரம்பை எட்டாது. அடுத்தது ஊர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிவிட்டுத் தனியாக ஒப்பந்தம் எழுதிக்கொள்வது, புரோக்கர்கள் சிரித்த முகத்தோடு சொல்லும் வழி. முன்பு சொன்ன 1960 நிலச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி மறைமுகமாக வெளிநாட்டவர் கைக்கு நிலம் போனால் கிரயமே செல்லாது, நிலம் அரசுக்கு, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. இதற்கு மேல் அதைப் பேச வேண்டியதில்லை. மூன்றாவது, இருபது இருபத்தைந்து ஆண்டு குத்தகை. அது நேர்மையான வழிதான், ஆனால் வருடம் ஓட ஓட விற்கும் பொருளே தேய்கிறது, பதினைந்து வருடம் கழித்து மிச்சமிருக்கும் பத்து வருடத்தை யார் தலையில் கட்டுவது?

எங்கள் விஷயத்தில் மனைவி குடிமகள், அவள் பெயரில் வாங்கலாம். அதிலும் ஒரு முடிச்சு உண்டு. சொத்துப் பிரிவினை ஒப்பந்தம் இல்லாத கலப்புத் திருமணத்தில் மனைவி வாங்கியது எனக்கும் பாதி, எனக்கு ஹக் மிலிக் கிடையாது, ஆகவே அவளுக்கும் சிக்கல். முன்பெல்லாம் அந்த ஒப்பந்தத்தைத் திருமணத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். 2016-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் திருமணத்துக்குப் பிறகும் எழுதலாம் என்று தீர்ப்புச் சொன்னது. நோட்டரியிடம் எழுதி, திருமணம் பதிந்த அலுவலகத்தில் குறித்து வாங்கினோம். அப்புறம்தான் மனை தேடவே கிளம்பினோம். மனைவிக்கு ஏதாவது ஆகி நிலம் என் பங்குக்கு வந்தால் ஒரு வருடத்துக்குள் நான் கைமாற்றிவிட வேண்டும், அதுவும் சட்டம். மகள் இந்தோனேசியக் குடிமகள் என்பதால் அந்தக் கவலை எங்களுக்குக் குறைவு.

இனி நிலத்தின் காகிதம். கிராமத்தில் பாதிப் பேச்சு 'கிரிக்' என்ற பழைய வரிச்சீட்டில்தான் நடக்கும். எங்களுக்குக் காட்டிய முதல் கிரிக் பிளாஸ்டிக் உறைக்குள் பழுப்பேறிய ஒரு தாள். விற்பவரின் தாத்தா பெயர், ஒரு எண், புஞ்சை என்பதற்கு டி என்ற எழுத்து, ஓரம் பூச்சி அரித்திருந்தது. அதற்கு மூலம் கிராம அலுவலகத்தில் 'லெட்டர் சி' புத்தகத்தில் இருக்கிறது. கையால் எழுதிய பெரிய நோட்டு, ஒரு பெயரை அடித்து மேலே இன்னொரு பெயர், வேறு மையில் வேறு கையெழுத்து. தலையாரி மாதிரி ஒருவர் விரல் வைத்துக் காட்டி, "யாருடைய நிலம் எதுவரைக்கும்னு இங்கே எல்லாருக்கும் தெரியும் சார்" என்றார். தெரியும்தான். அந்த 'எல்லாரும்' உயிரோடு இருக்கும்வரை தெரியும். 2021-இல் வந்த அரசு விதிப்படி இந்த மாதிரிப் பழைய காகிதங்களை ஐந்து ஆண்டுக்குள் பதிந்துவிட வேண்டும், 2026 பிப்ரவரிக்கு மேல் அவை உரிமைச் சான்று ஆகாது, ஒரு குறிப்பு மட்டுமே. வங்கியோ கிரிக்கை அடமானமாகத் தொடாது. பாண்டுங்கிலிருந்து வீடு வாங்க வருகிறவர் வங்கிக் கடனோடுதான் வருவார், அப்படியென்றால் கிரிக் மனையை வாங்கக்கூடியவர் கையில் ரொக்கம் உள்ள ஊர்க்காரர் மட்டும்தான், அவர் ஊர் விலைதான் கொடுப்பார்.

கடற்கரையை ஒட்டிய கடை, குடில் எல்லாம் இன்னும் மோசம். உச்ச ஏற்றக் கோட்டிலிருந்து 100 மீட்டர் கரையோரப் பாதுகாப்புப் பகுதி, அதில் பல இடம் அரசு நிலம், அனுபவ உரிமையை மட்டும் கைமாற்றிக்கொள்கிறார்கள். விலையைக் கேட்டால் ஆசை வரும். நாளைக்கு அரசு கடற்கரையைச் சீரமைக்கிறேன் என்று வந்தால் போய்விடும்.

பத்து காராஸ் ஜெயித்தது இங்கேதான். நாங்கள் பார்த்த மேட்டுப் பக்கத்து மனைகளில் பலவற்றுக்கு ஏற்கனவே நில உரிமைச் சான்றிதழ் இருந்தது, அரசின் மொத்தப் பதிவுத் திட்டத்தில் ஊர் ஊராக அளந்து கொடுத்தது. நாங்கள் வாங்கிய மனை ஒரே குடும்பத்தின் பெயரில், ஒரே விற்பனையாளர், அண்டை மனைக்காரர்கள் நால்வரும் எல்லையில் நின்று கை காட்டினார்கள். மாவட்ட நில அலுவலகத்தில் சான்றிதழைச் சரிபார்த்தோம், அடமானமும் வழக்கும் இல்லை. பங்கண்டரானில் எங்களுக்குப் பிடித்த மனைக்கு வாரிசுகள் ஏழு பேர், அதில் ஒருவர் கடல் தாண்டிக் கலிமந்தானில், கையெழுத்துக்கு எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. ஜெப்பாராவில் காகிதம் சரியாக இருந்தது, கடல்தான் உறுத்தியது.

விலை ஏறுமா என்று கேட்பவர்களுக்கு: ஏறும் என்று நம்புகிறேன், பந்தயம் கட்டமாட்டேன். பாண்டுங்கிலிருந்து தாசிக்மலாயா வழியாகச் சிலாசாப்புக்குப் போகும் சுங்கச்சாலை வருகிறது என்று வருடக்கணக்காகச் சொல்கிறார்கள், மூடிப்போன பஞ்சார்–சிஜுலாங் ரயில் பாதையைத் திறக்கப் போவதாகவும் பேச்சு. இப்போதைக்கு ரயில் பஞ்சாரோடு நின்றுவிடுகிறது. பக்கத்து நுசாவிருவில் ஒரு சிறிய ஓடுதளம் இருக்கிறது. இங்கே மீன் வாங்கி விற்கத் தொடங்கி, சிறு விமான நிறுவனம் நடத்தி, 2014 முதல் 2019 வரை மீன்வளத்துறை அமைச்சராகவும் இருந்த சுசி புஜியாஸ்துத்தி இந்தப் பக்கத்துக்காரர் என்பதில் ஊருக்கு ஒரு பெருமை. ஆனால் வராத சாலையின் விலையை மனையில் சேர்த்துச் சொல்லும் விற்பனையாளர்களிடம் நாங்கள் பேரத்தையே தொடரவில்லை.

வாழ்க்கை எப்படி என்றால், அமைதி, சில நாள் அலுப்பு. உப்புக் காற்றில் கீல், தாழ்ப்பாள், ஏசி எல்லாம் துருப்பிடிக்கும், எவர்சில்வர் போட்டுவிடுங்கள். ஊர்க்காரர்கள் கூப்பிடாமலே உதவிக்கு வருவார்கள், நாமும் கூட்டு வேலைக்குப் போயாக வேண்டும், போகாவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். ஜம்பல் ரோத்தி என்று ஒரு கருவாடு, நம் கடல் கெளுத்தி இனம்தான், பொரித்தால் தெருவே மணக்கும். இந்த ஒன்றுக்காகவே என் அம்மா இந்த ஊருக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்.

மரச் சாமான் தொழில் செய்கிறவர் யோசிக்காமல் ஜெப்பாராவுக்குப் போகலாம், கடலை விட்டு உள்ளே, உயரமான இடமாகப் பாருங்கள். ஹோட்டல் எண்ணமிருந்தால் பங்கண்டரான். பத்து காராஸ் பக்கம் வருவதாக இருந்தால் கணக்குக்கு: நிலத்தை இங்கே 'பாத்தா'வில் சொல்வார்கள், ஒரு பாத்தா 14 சதுர மீட்டர், மூன்று பாத்தா நம் ஒரு சென்ட்டுக்கு நெருக்கம். வாங்குபவருக்கு 5 சதவீத வரி, அதிலும் ஒரு தொகை கழிவு உண்டு, விற்பவருக்கு 2.5 சதவீதம், பத்திரம் எழுதுபவர் கட்டணம் அதிகபட்சம் 1 சதவீதம். விற்பவர் தன் வரியையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார், அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அதைப் பேசிவிடுங்கள்.