குடும்ப மருத்துவரை நிறுத்திவைப்பது எது: பணமா, துணை ஆட்களா, நேரமா?

2020-க்குள் 5,000 குடும்ப மருத்துவர்களைக் கூடுதலாகச் சேர்ப்போம் என்று 2016-இல் இங்கிலாந்தில் வாக்குக் கொடுத்தார்கள். 2019 தேர்தலில் அது 6,000 ஆனது. இரண்டும் நிறைவேறவில்லை. பயிற்சி இடங்கள் கூடின. ஆனாலும் முழுநேரக் கணக்கில் பார்த்தால், முழுத் தகுதி பெற்ற மருத்துவர்களின் எண்ணிக்கை 2015-இல் இருந்ததைவிடக் குறைந்துபோனது. புதியவர்கள் வந்துகொண்டே இருக்க, அனுபவசாலிகள் வெளியேறிக்கொண்டே இருந்தார்கள்.

இருப்பவர்களைப் போகாமல் நிறுத்த அந்நாட்டின் தேசிய நலவாழ்வுச் சேவையான என்.எச்.எஸ். பல வழிகளை முயன்றிருக்கிறது. அவற்றை எதிரெதிரே வைத்துப் பார்க்கிறேன். என் சாய்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மருத்துவரின் நேரத்தைக் காப்பாற்றும் திட்டத்தின் பக்கம்தான் நான்.

முதல் வழி, ஊக்கத்தொகை. ஆள் கிடைக்காத பகுதிகளில் பயிற்சிக்குச் சேர்கிறவர்களுக்கு 20,000 பவுண்டு கொடுக்கும் திட்டம் 2016-இல் வந்தது. முதன்முறையாகச் சிகிச்சையகத்தின் பங்குதாரராகும் மருத்துவருக்கு 20,000 பவுண்டு வரை கொடுக்கும் திட்டம் 2020-இல் தொடங்கி 2023-இல் முடிந்தது. பங்குதாரர் என்றால் நோயாளியைப் பார்ப்பதோடு ஊழியர் சம்பளம், கட்டடம், லாபநட்டம் எல்லாவற்றையும் தோளில் சுமப்பவர். யாரும் எட்டிப் பார்க்காத ஊருக்கு ஒருவரை வரவழைக்க இந்தப் பணம் உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால், வந்தவரின் திங்கட்கிழமை காலை எப்படி இருக்கும் என்பதை அது துளியும் மாற்றுவதில்லை.

ஓய்வூதிய வரிச் சலுகை வேறு வகை. மூத்த மருத்துவர்கள் பலருக்குக் கூடுதலாக உழைத்தால் வரிதான் கூடும் என்ற நிலை இருந்தது. ஓய்வூதியத்தில் ஓராண்டில் கூடுதல் வரியின்றிச் சேர்க்கக்கூடிய வரம்பை 2023 ஏப்ரலில் 40,000 பவுண்டிலிருந்து 60,000-ஆக உயர்த்தினார்கள். வாழ்நாள் முழுதும் சேரும் மொத்தத் தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் விதித்துவந்த வரியையும் நீக்கினார்கள். ஐம்பத்தைந்தைத் தாண்டியவருக்கு நல்ல செய்தி. முப்பத்தைந்து வயதில் களைத்துப்போனவருக்கு இதில் எதுவும் இல்லை.

மூன்றாவது, துணை ஆட்களைச் சேர்ப்பது. பார்வைக்கு இதுதான் மிகவும் நியாயமாகத் தெரிகிறது. மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர், சமூக உதவிகளுடன் நோயாளியை இணைத்துவிடுபவர் எனப் பலருக்கான சம்பளத்தை ஈடுசெய்யும் திட்டம் 2019-இல் தொடங்கியது; 2020-இல் அதன் இலக்கு 26,000 பேர் ஆனது. தொடர் மருந்துச்சீட்டுகளை மருந்தாளுநரும் முதுகுவலியை இயன்முறை மருத்துவரும் பார்த்துக்கொண்டால் மருத்துவரின் சுமை குறையத்தானே வேண்டும்? ஓரளவு குறைகிறது. ஆனால், சளிக்காய்ச்சல், மருந்துச்சீட்டு போன்ற எளிய வேலைகள்தான் ஒரு மருத்துவரின் நாளில் மூச்சுவிட இடம் கொடுத்தவை. அவை போனபின் எஞ்சுவது நான்கு நோய்களும் பத்து மருந்துகளுமாக வரும் முதியவர், காரணம் பிடிபடாத எடைக்குறைவு, அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இளம் தாய். ஒவ்வொருவருக்கும் வழக்கமாக ஒதுக்கும் அதே பத்து நிமிடம். இதற்கிடையே, புதிதாகச் சேர்ந்தவர் கேட்கும் சந்தேகங்களுக்கும் மருத்துவர்தான் பதில் சொல்ல வேண்டும். இத்திட்டத்தின் பணத்தில் மருத்துவரையே வேலைக்கு எடுக்க 2024 அக்டோபர் வரை வழி இல்லாமல் இருந்தது எனக்கு இன்றும் விளங்காத முடிவு.

நான்காவது, அதிகம் பேசப்படாதது: 2017-இல் வகுத்த தக்கவைப்புத் திட்டம். விலகும் எண்ணத்தில் இருப்பவர், குடும்பச் சூழலால் முழுநேரம் உழைக்க முடியாதவர், ஓய்வை நெருங்குபவர் ஆகியோருக்கானது. வாரத்துக்கு ஒன்று முதல் நான்கு அமர்வுகள். ஓர் அமர்வு 4 மணி 10 நிமிடம். ஐந்து ஆண்டுகள் வரை நீடிக்கலாம். கற்பதற்கென ஒதுக்கிய நேரமும், கலந்துபேச ஒரு மேற்பார்வையாளரும் உண்டு. மருத்துவரின் செலவுகளுக்கு ஆண்டுக்கு 1,000 முதல் 4,000 பவுண்டு. சிகிச்சையகத்துக்கு அமர்வு ஒன்றுக்கு 76.92 பவுண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு அமர்வு உழைப்பவருக்காகச் சிகிச்சையகம் பெறுவது ஆண்டுக்குச் சுமார் 16,000 பவுண்டு. மருத்துவருக்குரிய 4,000-ஐச் சேர்த்தால் 20,000. பங்குதாரருக்கு ஒரே ஒருமுறை கொடுத்த தொகை இங்கே ஆண்டுதோறும் செலவாகிறது. அரைநேரத்துக்கும் குறைவாக உழைப்பவருக்கு இவ்வளவா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சம்பளத்தின் மீதியைச் சிகிச்சையகமே போட வேண்டியிருப்பதால், கையைக் கடிக்கும் இடங்களில் இத்திட்டத்தைத் தொடவே தயங்குவார்கள்.

அப்படியிருந்தும் நான் இதன் பக்கம் நிற்கக் காரணம், போகிறவரோடு சேர்ந்து போவது என்ன என்பதுதான். நார்வேயில் 2001 முதல் ஒவ்வொருவருக்கும் நிலையான குடும்ப மருத்துவர் உண்டு. அங்கே செய்த ஆய்வு 2022-இல் வெளியானது. ஒரே மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு, ஓராண்டு மட்டும் இருந்தவர்களைவிட 25 சதவீதம் குறைவாக இருந்தது. மருத்துவமனையில் திடீரென அனுமதிக்கப்படும் வாய்ப்பும் குறைவு. தொடர்ந்து பார்த்ததுதான் முழுக் காரணம் என்று அந்த ஆய்வை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. வாரம் இரண்டே நாள் வந்தாலும், உங்கள் பழைய நெஞ்சுவலியையும் உங்கள் அப்பாவின் நோயையும் அறிந்தவர் அதே நாற்காலியில் இருக்கிறார். புதிதாக ஒருவரைக் கொண்டுவர 20,000 அல்ல, இரண்டு லட்சம் கொடுத்தாலும் அந்த அறிமுகம் உடனே கிடைக்காது.

ஒரு நிபந்தனை உண்டு. 4 மணி 10 நிமிடம் என்று எழுதினால் அது அவ்வளவாகவே இருக்க வேண்டும். கடைசி நோயாளி போனபின் காத்திருக்கும் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் மருத்துவமனைக் கடிதங்களும் அந்த நேரத்துக்குள் அடங்க வேண்டும். அவற்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று குழந்தைகள் தூங்கியபின் பார்க்க நேர்ந்தால், இத்திட்டமும் பயனற்றதுதான். பணம் போதாது என்றால் ஊக்கத்தொகைக்கு ஒதுக்குவதிலிருந்து எடுத்து, சிகிச்சையகத்துக்குத் தரும் அமர்வுத் தொகையை உயர்த்தட்டும். அதுதான் முதலில் செய்ய வேண்டிய மாற்றம்.