நம்பிக்கை மையத்தில் ஒரு காலைப்பொழுது

மூன்று வாரம் என்று லண்டனிலிருந்து கிளம்பிய பயணம், அப்பாவின் அறுவைச் சிகிச்சையால் ஏழு வாரமாக நீண்டது. எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் ப்ரெப் மாத்திரை கையில் தீர்ந்துகொண்டிருந்தது. நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்துகொள்ளும் பரிசோதனையின் நாளும் ஊரில் இருக்கும்போதே வந்துவிட்டது.

மாவட்ட அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் பத்து நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை. ஆலோசகர் அம்மா கதவைச் சாத்திவிட்டு, எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஒப்புதல் அவசியம் என்றும் என் சம்மதமில்லாமல் முடிவை வெளியில் சொல்ல 2017ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை என்றும் விளக்கிக் கையெழுத்து வாங்கினார். “கல்யாணம் ஆயிடுச்சா சார்?” என்பது அடுத்த கேள்வி. இல்லை, ஆண்களோடுதான் உறவு என்றேன். அவர் முகம் சிறிதும் மாறவில்லை. மேசைக்கடியிலிருந்து ஆணுறைப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். சற்று நேரத்தில், சோதனைப் பட்டையில் ஒற்றைக் கோடு மட்டும் தெரிந்தது, தொற்று இல்லை. காசு எதுவும் கேட்கவில்லை.

குறை அதற்குப் பிறகுதான் தெரிந்தது. பால்வினை நோய்ப் பிரிவில் சிபிலிசுக்கு ரத்தம் எடுத்தார்கள். எரிச்சல் உண்டா, சீழ் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் பேச்சு முடிந்தது. அறிகுறியைப் பார்த்துச் சாம்பல், பச்சை, வெள்ளை என நிறம் பிரித்த மருந்துப் பொட்டலங்களைத் தரும் ஏற்பாடு அது. ஆனால் தொண்டையிலும் ஆசனவாயிலும் தங்கும் கொனோரியா, கிளமிடியா என்னும் பால்வினைத் தொற்றுகள் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. சிறுநீர்ச் சோதனையிலும் அவை அகப்படா. ஆசனவாய்த் தொற்று இருக்கும்போது எச்.ஐ.வி. எளிதில் தொற்றும் என்பதால், லண்டனில் பஞ்சுக் குச்சியை நம் கையிலேயே கொடுத்து இரண்டு இடத்திலும் மாதிரி எடுத்துவரச் சொல்கிறார்கள். இங்கே அந்தக் குச்சியே கண்ணில் படவில்லை.

ப்ரெப்பைப் பற்றிக் கேட்டபோது தனியார் மருத்துவரிடம் போகச் சொன்னார்கள். அவர் சிறுநீரகத்துக்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கும் சோதனை எழுதிய பிறகே சீட்டுத் தந்தார். அது சரியான முறைதான், ஏனென்றால் ஹெபடைட்டிஸ் பி உள்ளவர் இந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். உலகுக்கே மலிவு விலையில் மாத்திரை செய்து அனுப்பும் நாட்டில், அதை வாங்க நான் மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கினேன்.

அன்று மாலை பழைய நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் கோத்தி, அதாவது பெண்மைச் சாயலோடு ஆண்களை நாடுபவன்; அவனுடைய பந்திகளில், அதாவது அவனோடு உறவுகொள்ளும் ஆண்களில், பாதிப்பேர் மனைவி மக்களோடு இருப்பவர்கள், தங்களுக்கு இந்த நோயெல்லாம் வராது என்று நம்புகிறவர்கள். களப்பணியாளர் தரும் ஆணுறையை அவன்தான் பையில் வைத்துக்கொள்ள வேண்டும், அவர்கள் தொடமாட்டார்கள் என்றான்.

லண்டன் திரும்பிய வாரத்தில் என் தொண்டை மாதிரியில் கொனோரியா இருப்பதாகக் குறுஞ்செய்தி வந்தது. ஊசி போட்டுக்கொண்டு, என்னோடு உறவுகொண்டவர்களில் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னேன். அவர்களில் ஒருவர், “இந்த டெஸ்ட் நம்ம ஊர்ல எங்க எடுப்பாங்க?” என்று கேட்டார். சென்னையில் தனியார் ஆய்வகங்களில் விசாரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.