கடற்காற்று ஊரில் எந்த டூல் பெட்டி தாங்கும்?

குமரி மாவட்டத்தில் டூல் பெட்டி பாரம் தாங்காமல் உடைவது அபூர்வம். துருவேறித்தான் போகிறது, அதுவும் அடியிலிருந்து. வாங்குகிறவர் டிராயர் எத்தனை, முகப்பு எவ்வளவு பளபளப்பு என்று பார்க்கிறார். குளச்சலிலோ முட்டத்திலோ சில மழைக்காலம் கண்ட பெட்டியைச் சாய்த்துப் பாருங்கள். அடித்தகட்டின் மடிப்பு, வீல் போல்ட் இறங்கும் துளை, டிராயரின் அடிப்பக்கம், டிராயர் ஓடும் சேனல் ஆகிய நான்கு இடங்களில்தான் முதலில் செம்மை தட்டியிருக்கும். இங்கே பெட்டிகளைத் தரம் பிரித்திருப்பதும் அந்த நான்கு இடங்களை வைத்துத்தான்.

காரணம் எளிது. அலையடித்துத் தெறிக்கும் உப்பு, காற்றோடு வந்து தகட்டின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் அந்த உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். மழை வேண்டியதில்லை, கசிவு வேண்டியதில்லை. மூடிய ஷெட்டுக்குள்ளேயே பெட்டி உப்புநீரில் நனைந்துகொண்டிருக்கும். இடவப்பாதி (ஜூன் பருவமழை) தொடங்கி ஐப்பசி, கார்த்திகை மழை ஓயும்வரை இரவு நேரத்தில் இந்த நிலைதான் பெரும்பாலும். பெயின்ட் முழுதாக மூடிய இடம் தப்பிக்கும். மூடாத ஓரத்தில் துரு நுழைந்து, பெயின்டுக்கு அடியில் ஊர்ந்து, கொப்புளமாகக் கிளம்பும்.

மாவட்டம் சிறியதாக இருந்தாலும் பெட்டியின் எதிரி ஊருக்கு ஊர் மாறுகிறது. சின்னமுட்டம் முதல் தேங்காய்ப்பட்டணம் வரை கடலோரத்தில் உப்பு. ஆரல்வாய்மொழிப் பக்கம் கணவாய்க் காற்று கொண்டுவரும் மண்தூள். அது சேனலில் உள்ள கிரீஸோடு சேர்ந்து அரைக்கும் பசையாகிவிடும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று உண்டு: ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட். ஷீட் அடிக்கும் கொட்டகையும் கார் ஷெட்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால், அந்த ஆவியே ஸ்பானரின் குரோம் பூச்சில் உள்ள நுண்ணிய ஓட்டைகள் வழியாக இறங்கி இரும்பை அரிக்கும். எவ்வளவு விலையுள்ள பெட்டியும் இதைத் தடுக்காது. ஆசிட் கேனை வேறு இடத்துக்கு மாற்றுவது ஒன்றே வழி. பேட்டரி சார்ஜ் போடும் மேசைக்கும் இதே விதி.

இனி பெட்டிகள். கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைப்பவற்றை மூன்று வகைக்குள் அடக்கலாம்: விரித்தால் இருபுறமும் தட்டுகள் எழும் ஐந்து தட்டுக் கைப்பெட்டி, வீல் வைத்த ஏழு டிராயர் டிராலி, உள்ளூர்ப் பட்டறையில் சொல்லிச் செய்வது.

கைப்பெட்டியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பைக்கும் ஸ்கூட்டரும் பார்க்கும் வீட்டுக்கு அது போதும். கெடுவது தகடு அல்ல, தட்டுகளை இணைக்கும் பட்டிகளின் ரிவெட். வாங்கும்போது முழுக்க விரித்து, மேல்தட்டைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். இப்போதே ஆடினால் 10 கிலோ ஏற்றியபின் மூடி பொருந்தாது. படகு எஞ்சின் வேலைக்குத் துறைமுகத்துக்குத் தூக்கிச் செல்கிறவர் இரும்பைக் கைவிட்டு, ரப்பர் பட்டி வைத்த மூடியுள்ள கனமான பிளாஸ்டிக் பெட்டிக்குப் போய்விடுவது நல்லது.

டிராலிதான் பலரும் யோசித்து, பலரும் ஏமாறும் வகை. தகட்டின் கனத்தைக் கடைக்காரர் கேஜில் சொல்வார். நீங்கள் மில்லிமீட்டரில் கேளுங்கள். 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மி.மீ., 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7. வெர்னியர் (கனம் அளக்கும் காலிப்பர்) கையில் இருந்தால் டிராயரின் ஓரத்தில் வைத்து அளக்கலாம். ஆனால் பவுடர் கோட்டிங் (தூளாகத் தெளித்துச் சூட்டில் உருக்கிய பூச்சு) ஒரு பக்கத்துக்கு 60 முதல் 80 மைக்ரான், அதாவது 0.06 முதல் 0.08 மி.மீ. இருக்கும். இரு பக்கமும் சேர்த்து 0.15 மி.மீ. கழியுங்கள், வெர்னியர் 0.9 காட்டினால் உள்ளே இருக்கும் இரும்பு 0.75தான்.

ஆன்லைனில் வாங்குகிறவருக்கு வெர்னியர் உதவாது, எடை உதவும். 1 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. 27 அங்குல அகலத்தில் ஏழு டிராயர் உள்ள டிராலிக்கு உடலும் டிராயர்களும் சேர்ந்து ஏறத்தாழ 5 சதுர மீட்டர் தகடு போகும். 0.8 மி.மீ. என்றால் தகடு மட்டும் 31 கிலோ. ஏழு ஜோடி சேனல், நான்கு வீல், கைப்பிடி சேர்த்தால் 40 கிலோவை ஒட்டி வரவேண்டும். அதே அளவுப் பெட்டிக்கு விவரக்குறிப்பில் 26 கிலோ என்று போட்டிருந்தால், தகடு 0.5 மி.மீ.க்கும் குறைவாகத்தான் இருக்க முடியும். அப்படிப்பட்ட டிராயரில் சாக்கெட் செட்டை வைத்ததும் அடித்தகடு தொங்கி, கீழே உள்ள டிராயரின் விளிம்பில் உரசும். உரசிய கோட்டில் பெயின்ட் போகும், மிச்சத்தை உப்பு பார்த்துக்கொள்ளும். எடை போடாத விளம்பரத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

கோட்டிங்கைச் சோதிக்க மொபைல் டார்ச் போதும். கீழ் டிராயரை முழுவதும் கழற்றி, அதன் அடிப்பக்கத்திலும் பெட்டியின் உள்மூலைகளிலும் வெளிச்சம் அடியுங்கள். ஒடுங்கிய மூலைக்குள் பவுடர் சரியாகப் போய் ஒட்டாது; சாம்பல் நிறத்தில் இரும்பு தெரிந்தால் அங்கே பூச்சு இல்லை. வெட்டிய ஓரம் உள்பக்கமாக மடிக்கப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மடிக்காத கூர்மையான ஓரத்தில் பவுடர் உருகும்போது விலகி, படலம் மெலிந்து நிற்கும். நிழலில் நிற்கும் பெட்டிக்கு எபாக்ஸி பவுடர் நல்லது: பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் நன்றாகத் தாங்கும், ஆனால் வெயில் பட்டால் வெளிறி மாவு கிளம்பும். முற்றத்தில் வெயிலில் நிற்கப்போகும் பெட்டி என்றால் பாலியெஸ்டர் கேளுங்கள். பிரேக் ஆயில் சிந்தினால் எந்தப் பூச்சாக இருந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட வேண்டும்.

சேனலில்தான் பெட்டியின் ஆயுள் இருக்கிறது. பால் பேரிங் இல்லாத, தகட்டின் மேல் தகடு உரசி ஓடும் டிராயரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். பால் பேரிங் சேனல் என்றாலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று அந்தக் கம்பெனிக்கே உரிய கொக்கி வைத்து மாட்டுவது அல்லது உடலோடு பற்றவைத்தது. அது கெட்டால் டிராயரே போச்சு. மற்றது அலமாரிக்கும் கிச்சன் டிராயருக்கும் போடும் பொது அளவுச் சேனல்: 45 மி.மீ. உயரம், ஒவ்வொரு பக்கமும் 12.7 மி.மீ. இடைவெளி, ஸ்க்ரூவில் மாட்டுவது. இந்த வகை நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பர்னிச்சர் ஹார்டுவேர் விற்கும் கடையில் 16, 18, 20 அங்குல நீளங்களில் கேட்டதும் கிடைக்கும். ஹெட்டிச், எப்கோ போன்ற பெயர்களில் வருவதும் இதே அளவுதான். உப்புக்காற்றில் எந்தச் சேனலும் என்றாவது மாற்ற வேண்டியதாகிவிடும் என்பதால், இந்த ஒரு காரணத்துக்காகவே பொது அளவுச் சேனல் உள்ள பெட்டிக்கு எங்கள் முதல் மதிப்பெண். கடைக்குப் போகும்போது ஒரு ஸ்கேல் கொண்டுபோய், டிராயரின் பக்கச்சுவருக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியை அளந்துவிடுங்கள். 12 முதல் 13 மி.மீ. என்றால் பிழைத்தீர்கள்.

ஒரு ஜோடி 45 மி.மீ. சேனல் பொதுவாக 35 முதல் 45 கிலோ தாங்கும் என்று மதிப்பிடப்பட்டிருக்கும். பாரம் டிராயர் முழுவதும் சீராகப் பரவியிருக்கும் நிலைக்கான கணக்கு அது. பேரிங் கழற்றும் புல்லரும் சுத்தியலும் முன்பக்கத்தில் குவிந்தால் கணக்கு மாறும். கனமான கீழ் டிராயருக்கு இரண்டு ஜோடி போட்டிருக்கும் பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். முழுவதும் வெளியே வரும் சேனலா என்றும் பாருங்கள். முக்கால் அளவே திறக்கும் டிராயரில் பின்வரிசை சாக்கெட்டை எடுக்க ஒவ்வொரு முறையும் முன்வரிசையைக் கலைக்க வேண்டியிருக்கும்.

அளவைப் பொறுத்தவரை, அரை அங்குல டார்க் ரெஞ்ச் (நட்டை அளவான இறுக்கத்தில் முடுக்கும் கருவி) ஏறக்குறைய 50 செ.மீ. நீளம். டிராயரின் உள் அகலம் 56 செ.மீ. இல்லையென்றால் அது குறுக்காகக் கிடந்து மற்ற எல்லாவற்றையும் தொந்தரவு செய்யும். ஸ்பானருக்கு 5 செ.மீ. ஆழம் போதும், நிறுத்தி வைக்கும் சாக்கெட்டுக்கு 7.5, கிரைண்டருக்கும் டிரில்லுக்கும் 15. ஏழும் ஒரே ஆழத்தில் உள்ள பெட்டி பார்க்க அழகு, புழங்க இடைஞ்சல்.

வீல் 5 அங்குலம், பி.யு. (பாலியூரித்தேன்) வகை, இரண்டு திரும்புவது, இரண்டு நேர்வீல், திரும்பும் இரண்டுக்கும் பிரேக். வீலை மூன்றே ஸ்க்ரூவில் தகட்டோடு நேரடியாக மாட்டியிருந்தால் வேண்டாம். அடியில் L வடிவ ஆங்கிளோ, ப வடிவச் சேனல் இரும்போ கொடுத்து, நான்கு போல்ட்டில் இறக்கியிருக்க வேண்டும்.

பூட்டைப் பெரிதாக நம்ப வேண்டாம். பிள்ளைகள் திறக்காமல் இருக்கவும், தள்ளும்போது டிராயர் ஓடாமல் இருக்கவும் உதவும், அவ்வளவுதான். ஒரு டிராயர் திறந்திருக்கும்போது அடுத்தது திறக்காமல் தடுக்கும் அமைப்பு பெட்டியில் இருந்தால், அதற்காகக் கொஞ்சம் கூடுதல் கொடுக்கலாம். மேலே உள்ள மூன்று டிராயரைப் பாரத்தோடு ஒன்றாக இழுத்தால் பெட்டி முன்னால் சாய்ந்து காலில் விழும்.

கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் ஷெட் இருந்தால், எங்கள் தேர்வு கடையில் இல்லை, பட்டறையில் இருக்கிறது. தகடு மடிக்கும் மெஷின் உள்ள ஃபேப்ரிகேஷன் கடையில் சொல்லிச் செய்யலாம். எழுதிக் கொடுக்க வேண்டியவை இவை. உடலுக்கு 1.2 மி.மீ., டிராயருக்கு 1 மி.மீ.; இரண்டும் பூச்சில்லாத சாதாரண சி.ஆர். தகடு வேண்டாம், 120 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 120 கிராம்) துத்தநாகப் பூச்சுள்ள ஜி.பி. தகடு. வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகையாகப் போய்விடும். அந்த இடங்களைத் தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்த பிறகே அடுத்த வேலை. புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும் என்பதால் வெல்டர் திறந்த வெளியில் வேலை செய்ய வேண்டும். முடிந்தவரை வெல்டிங்கைக் குறைத்து ரிவெட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். துளை எல்லாம் கோட்டிங்குக்கு முன்பே போட்டுவிட வேண்டும். கோட்டிங் முடிந்தபின் சேனலுக்குத் துளை போடுவதுதான் பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. துரு அந்தத் துளையிலிருந்தே தொடங்கும். அடித்தகட்டில் நான்கு மூலையிலும் 8 மி.மீ. வடிகால் துளை ஒன்று கேளுங்கள். இல்லாவிட்டால் தரை கழுவும்போது தெறிக்கும் நீர் மடிப்புக்குள்ளேயே நின்றுவிடும்.

சிலர் ஸ்டெயின்லெஸ் பெட்டி செய்து தருவதாகச் சொல்வார்கள். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டுவார்கள். 304 தரத்திலும் காந்தம் ஒட்டாது, விலை குறைந்த 202லும் ஒட்டாது. 202 நம் கடற்கரையில் பழுப்புப் புள்ளி போடும். பில்லில் 304 என்று எழுதித் தந்தால் மட்டுமே அந்தக் கூடுதல் விலைக்கு அர்த்தம் உண்டு.

லாரி பார்சலில் வரும் டிராலியைக் கையெழுத்துப் போடும் முன் அளந்து பாருங்கள். முகப்புத் திறப்பின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பில் பிடியுங்கள். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் உடல் கோணியிருக்கிறது; சேனல் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, ஆறு மாதத்தில் டிராயர் இறுகும். வெளியில் சிறு நெளிவு இருந்தால் பரவாயில்லை, கோணல் மட்டும் கூடாது. வீட்டில் நிறுத்தும்போதும் இதே கவனம் வேண்டும். ஷெட் தரை வாசலை நோக்கிச் சரிந்திருப்பது வழக்கம். சரிவில் நான்கு வீலும் சமமாக ஊன்றாவிட்டால் நல்ல பெட்டியும் முறுக்கிக்கொள்ளும்.

டிராயருக்குள் விரிக்க, சோபாவுக்குப் போடும் ஸ்பாஞ்சை வாங்காதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சி ஸ்பானரின் அடியிலேயே பிடித்து வைக்கும். துளை மூடிய, நீர் உறிஞ்சாத ஈ.வி.ஏ. நுரை ஷீட்டோ, வரிவரியான ரப்பர் மேட்டோ போதும். வியர்வைக் கையோடு டூலைத் திரும்ப வைப்பது கடற்காற்றுக்கு நிகரான கேடு. கொஞ்சம் ஆயில் தொட்ட துணியை மேல் டிராயரிலேயே வைத்து, ஒவ்வொன்றையும் துடைத்து வையுங்கள். மைக்ரோமீட்டர், டயல் கேஜ் போன்ற அளவுக் கருவிகளைத் தனி டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கலாம். பெரிய டிராயருக்குள் சிலிக்கா ஜெல் போடுவதில் பலனில்லை, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புது ஈரம் வந்துவிடும்.

புதுப் பெட்டி வந்த அன்றே, டூல் வைக்கும் முன், செய்துவிட வேண்டிய வேலை ஒன்று உண்டு. எல்லா டிராயரையும் கழற்றுங்கள். வீல் போல்ட், துளை ஓரம், அடி மடிப்பு, வெட்டு ஓரம் எல்லாவற்றிலும் ஜிங்க் பிரைமரைச் சிறு பிரஷ்ஷால் தொட்டு வையுங்கள். மறுநாள் மேலே எனாமல் ஒரு கோட். சேனலில் கம்பெனி வைத்த கிரீஸை அப்படியே விட்டுவிடலாம். மண்தூள் பறக்கும் ஊரில் மட்டும் அதைத் துடைத்தெடுத்து, சிலிகான் ஸ்பிரே மெல்லிதாக அடியுங்கள். பொது அளவுச் சேனல் உள்ள பெட்டி என்றால், கீழ் டிராயரின் சேனலைக் கழற்றி ஹார்டுவேர் கடைக்குக் கொண்டுபோய், அதே நீளத்தில் ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி, எண்ணெய்த் தாளில் சுற்றிப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். முதலில் கெடுவது அந்த டிராயர்தான்.